கியர்பாக்ஸ் விக்கிற அண்ணன்களே, "போல்ட் உக்காரும்"னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க

பழைய வண்டியப் பிரிச்சு கியர்பாக்ஸ் விக்கிற அண்ணன்களுக்கும், அதை வாங்கி மாட்டிக் குடுக்குற மெக்கானிக் அண்ணன்களுக்கும் வணக்கம்.

டர்போ வண்டிக்கு மேனுவல் கியர்பாக்ஸ் கேட்டு வர்றவன்கிட்ட, கையில இருக்குற டர்போ இல்லாத வண்டியோட பாக்ஸைக் காட்டி "ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின் குடும்பம், போல்ட்டெல்லாம் அப்படியே உக்காரும்"னு சொல்றீங்க. போல்ட் உக்காரும்தான், அதுல பொய்யே இல்ல. ஆனா உள்ள இருக்குற பல்லு எண்ணிக்கைய யாருமே பேச மாட்டேங்குறீங்க.

சுபாரு இம்ப்ரெஸாவ எடுத்துக்கோங்க. அமெரிக்காவுல 2002லருந்து 2005 வரைக்கும் வந்த டர்போ டபிள்யூஆர்எக்ஸ்ல முன்பக்க ஃபைனல் டிரைவ் (வீல் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்தணும்ங்கற கணக்கு) 3.90, பின் டிஃபரன்ஷியல் (ரெண்டு வீலுக்கும் சுழற்சியப் பிரிச்சுக் குடுக்குற கியர்) 3.545, நடுவுல 1.1 ரேஷியோவுல ஒரு டிரான்ஸ்ஃபர் கியர் இருந்து ரெண்டையும் சரிக்கட்டுது. அதுக்கு முன்னாடி வந்த டர்போ இல்லாத 2.5 ஆர்எஸ்ல முன்னாடியும் 4.11, பின்னாடியும் 4.11. இந்த 2.5 ஆர்எஸ் பாக்ஸைத் தூக்கி அந்த டபிள்யூஆர்எக்ஸ்ல போட்டுட்டு பின்பக்கத்த மாத்தாம விட்டீங்கன்னா முன் வீலும் பின் வீலும் கிட்டத்தட்ட 16 சதவீதம் வேற வேற வேகத்துக்கு இழுக்கும், அந்த வித்தியாசம் மொத்தத்தையும் நடுவுல இருக்குற சென்டர் டிஃபரன்ஷியல்தான் தாங்கணும், அதுல இருக்குற விஸ்கஸ் கப்ளிங் (கெட்டியான எண்ணெய்க்குள்ள பிளேட்டுங்க சுத்துற பாகம்) நேர் ரோட்டுலயும் ஓயாம வழுக்கி சூடாகும்.

என் வண்டியும் ஃபோர் வீல் டிரைவ்தான், எனக்கு நடந்ததும் இதேதான். மொத நாள் ஓட்டுறப்போ பிக்கப் நல்லா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். நாலாவது நாள் ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு ரிவர்ஸ் எடுக்குறேன், யாரோ ஹேண்ட் பிரேக்கப் பிடிச்ச மாதிரி வண்டி திமிறுது, டயர் கீச்சுன்னு கத்துது, கீழருந்து எண்ணெய் கருகுன வாடை. அப்புறம்தான் பின்பக்கத்த ஜாக்கில தூக்கி நியூட்ரல்ல விட்டு, வீல்லயும் ஷாஃப்ட்லயும் சாக்பீஸால கோடு போட்டு, ரெண்டு பின் வீலையும் சேத்து ஒரு சுத்து சுத்த வெச்சு எண்ணிப் பாத்தேன். ஷாஃப்ட் மூணரைக்கு மேல கொஞ்சம்தான் சுத்துச்சு. வந்த பாக்ஸோ 4.11. பத்து நிமிஷ வேலை அண்ணே, மாட்டுறதுக்கு முன்னாடி யாராவது இதப் பண்ணியிருந்தா பாக்ஸ் பொழச்சிருக்கும்.

கிளட்ச்சும் இப்படித்தான். அதே 2002-2005 டபிள்யூஆர்எக்ஸ்ல பிரஷர் பிளேட்ட (கிளட்ச் பிளேட்ட அழுத்திப் பிடிக்கிறது) இழுக்குற டைப், 2006லருந்து தள்ளுற டைப். கிளட்ச்ச விடுவிக்கிற ஃபோர்க்கும் அது ஆடுற பிவட்டும் பெல் ஹவுசிங்குலயே (பாக்ஸோட முன்பக்கம் இருக்குற மணி மாதிரி கூடு) இருக்குறதால பாக்ஸ் மாறினா கிளட்ச் செட்டும் மாறணும். கிளட்ச் பிளேட்டோட ஸ்ப்லைன் (நடு ஓட்டைல இருக்குற பல்லு) பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட்டுக்கு ஒத்துப் போகணும், பிளை வீல் கிராங்குக்கு ஒத்துப் போகணும், ரெண்டையும் கலந்து வாங்கிட்டு வந்து தவிக்கிறவங்கள நெறைய பாத்துட்டேன்.

அப்புறம் டர்போ இன்ஜினோட பலத்தத் தாங்குற சக்தி. இதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். டொயோட்டா சூப்ரா 1993ல வந்தப்போ டர்போவுக்கும் டர்போ இல்லாததுக்கும் ஒரே 2ஜேஇசட் குடும்ப இன்ஜின்தான், ஆனா டர்போ இல்லாததுக்கு டபிள்யூ58னு அஞ்சு ஸ்பீடு, டர்போவுக்கு கெட்ராக் வி160னு ஆறு ஸ்பீடுன்னு தனித்தனியா குடுத்தாங்க. செலவு பண்ணி அவங்களே பிரிச்சு வெச்சத நாம ஏன் ஒண்ணுன்னு சொல்லணும்? டர்போ பாக்ஸை சாதா வண்டில போட்டா உடையாது, ஆனா அது பெரும்பாலும் உயரமான ரேஷியோவா (வேகத்துக்கு ஏத்தது, இழுவைக்கு இல்ல) இருக்கும், ஏத்தத்துல வண்டி திணறும். அதையும் வாங்குறவன்கிட்ட சொல்லிடுங்க.

உங்ககிட்ட கேக்குறது கஷ்டமான காரியம் இல்ல. பாக்ஸை இறக்கினதும் பெல் ஹவுசிங்கு மேல இருக்குற நம்பரத் தொடச்சு ஒரு போட்டோ எடுங்க. எந்த வண்டி, எந்த வருஷம், டர்போவா இல்லையா, ஃபைனல் டிரைவ் எவ்வளவு, கிளட்ச் இழுக்குறதா தள்ளுறதா, இத மார்க்கர்ல பாக்ஸ் மேலயே எழுதுங்க. ஃபோர் வீல் டிரைவா இருந்தா பின் டிஃபரன்ஷியலையும் அதோட ஜோடியா எடுத்து வைங்க, தனித்தனியா வித்துடாதீங்க. மெக்கானிக் அண்ணன்களே, நீங்க அந்த சாக்பீஸ் கணக்க மட்டும் பாத்துட்டு கிரேன கட்டுங்க.

நான் இன்னும் பாக்ஸ் தேடிட்டுதான் இருக்கேன். நம்பரோட, ஜோடி டிஃபரன்ஷியலோட யாராவது எடுத்துக் காட்டினீங்கன்னா அன்னிக்கே வந்து வாங்கிக்குறேன்.