பதில் சொல்ல முடியாதவரின் விரதம்: எங்கள் ஆய்வு நிலைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

மார்கழியில் நடந்த ஆண்டு ஆய்வுக் கூட்டத்தில் நீங்கள் அனைவரும் முன்வரிசையில் அமர்ந்திருந்தீர்கள் என்பதால், அன்று நிகழ்ந்ததை நான் முதலிலிருந்து விவரிக்கத் தேவையில்லை. உறைபனிப் பதிவுகளைப் பற்றிய உரையின் நடுவே திரையில் ஒரு படம் வந்தது. வெண்மை படிந்த புல்லின்மேல் இரண்டு வெறுங்கால்கள். அதன் கீழே ‘பக்தியின் வெப்பக் கடத்துத்திறன்’ என்று எழுதியிருந்தது. அரங்கம் சிரித்தது. உரையாற்றிய விஞ்ஞானி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, மாலை போட்டால் நரம்புகள் மரத்துப்போகும் போலும் என்று மேலும் ஒன்று சொல்லி, மறுபடியும் சிரிக்க வைத்தார்.

அந்தக் கால்களுக்கு உரியவர் அப்போது மேடை ஓரத்தில் மடிக்கணினிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஸ்லைடுகளை மாற்றும் வேலையை அன்று அவரிடம் கொடுத்திருந்தோம். ‘அடுத்தது’ என்று மேடையிலிருந்து குரல் வந்ததும் பொத்தானை அழுத்தித் தம் கால்களைத் தாமே திரைக்குக் கொண்டுவந்தவர், இரண்டு முறை சிரிப்பு எழுந்து அடங்கும் வரை விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல், தலை நிமிராமல், அடுத்த ‘அடுத்தது’க்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

நம் நிலையத்தின் களப்பணி உதவியாளரான அவர், கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போகிறவர். விரத நாட்களில் காலில் செருப்பு அணிவதில்லை. நீலகிரியில் உறைபனி விழும் மாதங்களும் அவையே. விடியுமுன் திறந்தவெளிப் பதிவிடத்துக்குப் போய், புல்லை ஒட்டிக் கிடத்தியிருக்கும் வெப்பமானியின் கண்ணாடிமேல் படிந்த பனியைத் துடைத்து, தரையோடு தரையாகக் குனிந்து, கண்ணை அளவுக்கோட்டின் நேர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே உள்ள குறிமுள் எந்த இடத்தில் நிற்கிறது என்று படித்து, விறைத்த விரல்களால் பென்சிலைப் பிடித்து ஏட்டில் எழுதுகிறார். கண் சற்று மேலே இருந்தாலும் அளவு பிழையாகிவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவர் ஏட்டில் அந்தப் பிழை இருப்பதில்லை என்பதும் தெரியும். அன்றைய உரையில் காட்டிய வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் அந்த ஏட்டிலிருந்து வந்தது. செருப்பில்லாத கால்கள் அந்தப் பதிவில் ஒரு பத்தில் ஒரு பாகை மாற்றத்தையும் உண்டாக்கவில்லை என்றால், அந்தக் கால்களுக்கு அறிவியல் கூட்டத்தின் திரையில் என்ன வேலை?

கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து அவர் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு, மாலை வெளியே தெரியாதபடி மப்ளரைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வந்தார். மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றும் வரை அப்படித்தான் இருந்தார். இதை நீங்கள் கவனித்தீர்களா என்று எனக்குத் தெரியாது. நான் நாள்தோறும் பார்த்தேன். பார்த்தவர்களில் ஒருவனாகவே இதை எழுதுகிறேன்.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேர்ந்துகொள்வதோ திருநீறு இடுவதோ என் வழக்கமில்லை. இது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை இருமுடி கட்டிவிட்டு வந்தவர், “உங்க பேருக்கும் சேத்து ஒரு நெய்த்தேங்காய் வச்சிருக்கேன் சார், மிச்சத்தை நீங்களே சாமிகிட்ட பேசிக்குங்க” என்றார். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். விரத காலத்தில் ஆய்வு மாணவர்கள் அவரைச் ‘சாமி’ என்று கூப்பிட்டு, குளிருக்கு மருந்து எது என்று சீண்டுவதும், அவர் அதற்குச் சுடச்சுடப் பதில் கொடுப்பதும் நம் தேநீர் அறையில் அன்றாடம் நடப்பவை. ஆகவே மதத்தைப் பற்றி விஞ்ஞானிகள் நகைச்சுவையே பேசக் கூடாது என்று கேட்கும் மடலாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தகைய நகைச்சுவைக்கு இயற்பியலில் மதிப்பான மரபு உண்டு. 1921இல் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைன், கடவுள் நுட்பமானவர், ஆனால் வஞ்சகர் அல்லர் என்ற பொருள்படச் சொன்ன வாக்கியத்தை அங்கே கணிதத் துறைக் கட்டடத்தின் கணப்படுப்புக்கு மேல் கல்லில் செதுக்கியே வைத்தார்கள். 1927இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் சோல்வே இயற்பியல் மாநாட்டுக்கு வந்திருந்த இளம் இயற்பியலாளர்கள் ஒரு மாலையில் மதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை ஹைசன்பெர்க் பதிவு செய்திருக்கிறார். டிராக் மதத்தைக் கடுமையாகச் சாடிக்கொண்டே போக, அதுவரை பேசாமல் இருந்த பவுலி, நண்பர் டிராக்குக்கும் ஒரு மதம் இருக்கிறது என்றும், கடவுள் இல்லை, டிராக் அவருடைய தூதர் என்பதே அதன் முதற்கொள்கை என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், டிராக் உட்பட. டிராக்குக்கும் ஹைசன்பெர்க்குக்கும் அப்போது 25 வயது, பவுலிக்கு 27. ஒருவர் சம்பளமோ விடுப்போ பணி மதிப்பீடோ மற்றவர் கையில் இல்லை. டிராக் விரும்பியிருந்தால் அந்த நொடியிலேயே பவுலிக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், யாரும் அவரை அதட்டியிருக்க மாட்டார்கள்.

நம் அரங்கில் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றவருக்கு அந்த வாய்ப்பு இருந்ததா? அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் கையொப்பமிடுகிறவரே மேடையில் நின்று அந்தக் கேலியைச் செய்தார். மேலதிகாரி சிரிக்கும்போது தாமும் சிரிக்க வேண்டும் அல்லது தலை குனிந்து நிற்க வேண்டும் என்ற இரண்டு வழிகளே அவருக்கு இருந்தன. பதில் சொல்ல முடியாத நிலையில் இருக்கும் ஒருவரின் நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ அலுவல் மேடையில் கேலிப்பொருளாக்கக் கூடாது என்று எழுத்தில் அறிவியுங்கள் என்பதே என் கோரிக்கை. அதற்கு முன்னதாக, சிரிப்பு எழுந்த அதே அரங்கில், அவர் முன்னிலையில் வருத்தம் தெரிவியுங்கள்.

நம்பிக்கையின்மையையும் சேர்த்தே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆயுத பூஜையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டபோது, தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கி நின்ற ஆய்வு மாணவியை, ‘கருஞ்சட்டைக் கட்சியா?’ என்று பலர் முன்னிலையில் கேட்டு, கருவி பழுதானால் பொறுப்பை நீதான் ஏற்க வேண்டும் என்று சொன்னவரும் துறைத் தலைவர்களில் ஒருவரே. அன்றும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் ஆய்வேடு அவருடைய கையொப்பத்துக்காகக் காத்திருக்கிறது, அவள் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? ஹெத்தை அம்மன் கோயில் உள்ள பேரகணி கிராமத்துக்கு விரதத்தோடு நடந்து போகும் படுகர் ஊழியர் ஒருவர், விடுப்புக் கடிதத்தில் காரணத்தைச் ‘சொந்த வேலை’ என்றே எழுதுகிறார். கேலிக்கு அஞ்சித்தான் அப்படி எழுதுவதாக என்னிடம் சொன்னார்.

இதைப் பற்றி நேரில் முறையிட்டபோது எனக்குக் கிடைத்த விடை, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை, அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது என்பது. உண்மைதான். 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியாக வந்த 51அ பிரிவில் அந்தக் கடமை இருக்கிறது. அதே உட்பிரிவில், அதே வாக்கியத்தில், அறிவியல் மனப்பான்மைக்கு அடுத்தபடியாக மனிதநேயமும் இருக்கிறது. ஒன்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

நம்பிக்கை உள்ளவர் அறிவியலுக்குக் குறைந்தவர் என்ற எண்ணம் இந்தக் கேலிகளுக்கு அடியில் இருக்கிறது. அது தவறு என்பதற்கு நம் துறைகளின் வரலாறே சான்று. விரிவடையும் பேரண்டத்தைப் பற்றி 1927இல் எழுதிய இயற்பியலாளர் லெமைத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப்பாண்டவர் அந்தக் கோட்பாட்டைப் படைப்பின் சான்றாகப் பேசியபோது, இரண்டையும் கலக்கக் கூடாது என்று கருதியவரும் அவரே. 1979ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அப்துஸ் சலாம் தொழுகை விடாதவர், வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர். தாம் நம்பிக்கையாளராகவும் வைன்பெர்க் நாத்திகராகவும் இருந்தது தம் ஆய்வின் போக்கில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை என்று சலாமே எழுதியிருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கம் பழனி மலையில், செண்பகனூரில் இயேசு சபைத் துறவிகள் சேர்த்து வைத்த தாவர, விலங்குச் சேகரிப்புகளை நாம் இன்றும் போய்ப் பார்க்கிறோம். அவர்கள் அணிந்திருந்த அங்கியை யாரும் ஸ்லைடில் போட்டுச் சிரித்ததில்லை. களப்பணி உதவியாளரின் கால்கள் மட்டும் ஏன் சிரிப்புக்கு உரியவையாகின்றன என்று யோசித்தால், மதத்தைவிடப் பதவியே இதில் பெரிதாக வேலை செய்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உறைபனிப் பதிவுகளைக் கொண்டு எழுதிய கட்டுரைகளின் நன்றியுரையில்கூட அவர் பெயர் இதுவரை வந்ததில்லை. அவரிடமிருந்து இந்த நிலையம் பொதுவெளியில் எடுத்துக் காட்டிய முதல் பொருள் அவருடைய வெறுங்கால்களாக இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் இது கோபத்தைக் கொட்டித் தீர்க்கும் மடலாக முடியக் கூடாது. மத உணர்வு புண்பட்டது என்று யார்மீதும் புகாரோ வழக்கோ பதியச் சொல்லி நான் கேட்கவில்லை. வெளி அமைப்புகள் நம் வாசலுக்குக் கொடியோடு வருவதையும் விரும்பவில்லை. அவர்கள் வந்தால் நாளை நம் கருத்தரங்கில் பரிணாமத்தைப் பற்றிப் பேசுவதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். நமக்குள் தீர்த்துக்கொள்ளக்கூடிய காரியத்தை நாமே தீர்த்துக்கொள்வோம் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதற்பொருளாகச் சேர்க்குமாறும், அன்றைய நிகழ்வுக்கு அதே அரங்கில் வருத்தம் தெரிவிக்குமாறும், பதில் சொல்ல முடியாதவரின் நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ அலுவல் மேடையில் கேலி செய்வதில்லை என்ற ஒரு வரியை நம் நடத்தை விதிகளில் சேர்க்குமாறும், நிலையத்தின் சேவையகத்தில் இன்னும் இருக்கும் அந்த ஸ்லைடை நீக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தன்று ஸ்லைடுகளை மாற்றும் வேலையை நானே செய்கிறேன். அவருக்குப் பார்வையாளர் வரிசையில் ஓர் இருக்கை போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிலையத்தின் தொழில்நுட்ப அலுவலர்களில் ஒருவன்,
உதகமண்டலம்