கடக்வாஸ்லா போகிறவர்கள் கவனத்துக்கு

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகளின் பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு நெல்லையில் மும்பை ரயில் ஏறி புனே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

புனே பக்கத்துக் கடக்வாஸ்லாவில், முப்படைக்கும் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமிக்குள் ‘ஹட் ஆஃப் ரிமெம்பரன்ஸ்’ என்றொரு நினைவுக் குடில் உண்டு. கேடட்டுகளே, அதாவது பயிற்சி மாணவர்களே, உழைத்துக் கட்டியது. அங்கே படித்துக் களத்தில் உயிர்விட்டவர்களின் நினைவிடம். விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜாவும் அந்த அகாடமி மாணவர்தான். 1999 மே 27, கார்கில் போர். எஞ்சின் அணைந்து பாராசூட்டில் குதித்த சக விமானி நச்சிகேதாவைத் தேடி மிக்-21 போர் விமானத்தில் சுற்றியவரை ஏவுகணை தாக்கியது. தளத்துக்குத் திரும்பியிருக்கலாம், மனுஷன் திரும்பவில்லை. மறைவுக்குப் பின் வீர் சக்ரா எனும் போர்க்கள வீர விருது தந்தார்கள்.

அனுமதி கிடைத்தால் அவசியம் போய் நில்லுங்கள். உள்ளே செல்போன் வேண்டாம், பேச்சும் வேண்டாம். அல்வாவை அப்புறம் பிரிக்கலாம்.

புனேயிலிருந்து சேர்ந்து வேன் பிடிக்க நினைப்பவர்கள் ஞாயிறு இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.