பெட்ரோல் பங்க் குழியை மூடுவதற்கு முன் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்கக் கோரி மனு

அனுப்புநர்:
மூடப்பட்ட பெட்ரோல் பங்கின் பின்தெருவில் குடியிருப்போர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிங்காரவேலர் மாளிகை, ராஜாஜி சாலை, சென்னை.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெரு முனையில் இருந்த பழைய பெட்ரோல் பங்கை மூடி, தரைக்கு அடியில் கிடந்த டேங்குகளை கிரேன் வைத்துத் தூக்கிவிட்டார்கள். குழி திறந்தே கிடக்கிறது. அதில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து மழைநீர்க் கால்வாயில் விடுகிறார்கள், அடுத்த வாரம் லாரியில் மண் வந்துவிடும் என்கிறார் வாட்ச்மேன். மண் கொட்டிவிட்டால் அப்புறம் எதையும் பார்க்க முடியாது. அவசரமாக எழுதுவது அதனால்தான்.

ஒன்றரை வருஷமாக எங்கள் போர் தண்ணீரில் பெட்ரோல் வாசனை. சம்ப் மூடியைத் திறந்தால் குப்பென்று முகத்தில் அடிக்கிறது. குடிக்க, சமைக்க மெட்ரோ வாட்டரும் கேனும், ஆனால் குளிக்க, துவைக்க இந்தத் தண்ணீர்தான். ராத்திரி பக்கெட்டில் பிடித்து வைத்தால் காலையில் மேலே வானவில் மாதிரி படலம். "இது இரும்பு, இந்த ஏரியாவில் அப்படித்தான் இருக்கும்" என்று பார்க்க வந்தவர் சொன்னார். சரி, இரும்புப் படலமும் மினுங்கும், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அதைக் கிளறினால் சில்லு சில்லாக உடைந்து தனித்தனியாக நிற்கும். நாங்கள் அவர் எதிரிலேயே துடைப்பக்குச்சியால் கிளறிக் காட்டினோம், பிரிந்த படலம் சுழன்று வந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. எண்ணெய்தான் அப்படிச் செய்யும்.

ஒரு தடவை தண்ணீர் எடுத்துப் போனார்கள், பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில், பாதி அளவு. ரிப்போர்ட்டில் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு), கடினத்தன்மை, குளோரைடு எல்லாம் இருந்தன, பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற வரியே இல்லை. தேடாதது எப்படிக் கிடைக்கும்? பென்சீன் காற்றில் பறந்துவிடும், கண்ணாடிக் குப்பியில் காற்றுக்கு இடம் விடாமல் விளிம்புவரை நிரப்பி ஐஸில் வைத்து லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள் அது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. மூக்குக்குத் தெரியாமலே அதைப் பல மடங்கு தாண்டியிருக்கலாம், அதனால் "இப்போது வாசனை குறைந்துவிட்டதே" என்பதெல்லாம் பதில் ஆகாது.

முதலில் குழியை நிரப்பும் வேலையை நிறுத்துங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை வைத்து, டேங்க் கிடந்த இடத்தின் அடியிலும் பம்புகளுக்குக் குழாய் போன பாதையிலும் நீர்மட்டம் தட்டுப்படும் ஆழம்வரை துளைபோட்டு மண் எடுக்கச் சொல்லுங்கள். பென்சீனோடு, பெட்ரோலில் இருக்கும் டொலுவீன், சைலீன், பங்க் 2000க்கு முன்பே இருந்ததால் ஈயமும் பார்க்க வேண்டும், அந்த வருஷம் பிப்ரவரிவரை ஈயம் கலந்த பெட்ரோலும் நாட்டில் விற்றது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, நீர்மட்டத்தின் மேல் மிதக்கும், மழைக்கு மட்டம் ஏறினால் கூடவே ஏறி, கோடையில் மண்ணில் பூசிக்கொண்டே இறங்கும். ஒரு நாள் சாம்பிளை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறு போட்டால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்றே தெரியும், அதிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும்.

பங்கில் தினமும் டேங்குக்குள் டிப் ராடு (மட்டம் அளக்கும் கம்பி) விட்டு இருப்பு எழுதிய ரிஜிஸ்டர் இருக்கும். வந்த லோடு, விற்ற லிட்டர், மீதி இருப்பு மூன்றையும் ஒத்துப் பார்த்தால் எவ்வளவு காணாமல் போனது என்று தெரிந்துவிடும். அது பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குள் வாங்கி வையுங்கள்.

2013இல் பக்கத்துத் தண்டையார்பேட்டையில் தரையடிக் குழாய் கசிந்து வீட்டு போர்களில் எண்ணெய் வந்து, பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. அதைப் பார்த்தவர்களிடம் "பூமிக்குள் அப்படியெல்லாம் பரவாது" என்று சொன்னால் எடுபடாது. எந்த ஆபிஸுக்குப் போனாலும் அடுத்த ஆபிஸைக் கைகாட்டுகிறார்கள். எல்லாரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்க உங்களால்தான் முடியும்.

ரிப்போர்ட் வரும்வரை தெருவுக்கு லாரித் தண்ணீர் வேண்டும், ரிப்போர்ட்டின் நகல் தமிழில் எங்களுக்கும் வேண்டும். சாம்பிள் எடுக்க எந்த நேரம் வந்தாலும் சரி, மோட்டார் போட்டுக்கொடுக்க ஆள் இருப்போம்.

இப்படிக்கு,
தெரு மக்கள்
(கையெழுத்துகள் பின்பக்கம்)