விளக்கு மாட்டிய வயர்மேன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எதிரே வருபவர் கண் கூசும்படி கார் விளக்குகளை மாற்றுபவர்களுக்கு அபராதத்தை ஏற்ற வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அபராதம் இருக்கட்டும். பினாங்கு மாநிலத்தின் பிறையில் முப்பது ஆண்டுகள் வாகன வயர்மேனாக இருந்தவன் நான். எனக்குத் தெரிந்தவரை, பாதிக் கோளாறு பல்பில் இல்லை. பல்பு உட்கார்ந்திருக்கும், ஒளியை முன்னே திருப்பிவிடும் கிண்ணத்தில் இருக்கிறது.

இழை இல்லாமல் வாயுவில் ஒளி பிறக்கும் எச்.ஐ.டி. என்னும் செனான் விளக்கு மோகம் தலைவிரித்தாடிய காலத்தில், கேட்டவருக்கெல்லாம் மாட்டிக் கொடுத்தவன் நான். "பழைய பல்பு 55 வாட், இது வெறும் 35 வாட், பேட்டரிக்கும் நல்லது" என்று சொல்லியே விற்றேன். அதில் பொய்யில்லை. ஆனால் அந்த 55 வாட் ஹாலோஜன் டிம்மில், அதாவது தாழ்ந்த ஒளியில், ஏறக்குறைய 1,000 லூமன் (ஒளியின் அளவு) தருகிறது. 35 வாட் செனானோ 3,000 லூமன் அளவுக்குக் கொட்டுகிறது. டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி இழை உள்ள எச்4 என்னும் ஹாலோஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் கரண்டி போல ஒரு சின்னத் தகடு இருக்கும். கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் ஒளி பட்டால் அது மேல்நோக்கித் திரும்பி, எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும். அதைத் தடுக்கத்தான் அந்தத் தகடு. கிண்ணத்தின் வளைவும் அந்த இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு அமைத்தது. அங்கே வேறொரு விளக்கைச் செருகினால், ஒளி பிறக்கும் இடம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும், கணக்கு தவறிவிடும். இன்று இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் எல்.இ.டி. பல்புகளுக்கும் இதே கதைதான். தொழிற்சாலையிலிருந்தே செனானுடன் வரும் கார்களில் அதற்கென்றே வடிவமைத்த விளக்குக்கூடு இருக்கும். சுமைக்கேற்ப ஒளியைத் தாழ்த்தும் கருவியும் பெரும்பாலும் இருக்கும். நான் மாட்டியவற்றில் இதெல்லாம் ஏது?

இப்போது எனக்கு ஒரு கண்ணில் புரை. சென்ற மாதம் ஒரு மழை இரவில் பாலிக் புலாவிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவில் எதிரே வந்த காரின் நீலம் பூத்த வெள்ளை வெளிச்சம் கண்ணை அடைத்தது. சாலைக் கோடும் தெரியவில்லை, ஓரத் தடுப்பும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. பார்வை திரும்பியபோது, இரண்டு கார் நீளம் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. அந்த விளக்கை யார் மாட்டினார்களோ! நானாகவும் இருக்கலாம்.

டி.ஆர்.எல். என்று இளைஞர்கள் சொல்லும் பகல் விளக்குக்கு வருகிறேன். 1992 முதல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும். ஓட்டுபவர் பாதையைப் பார்க்க அல்ல, மற்றவர் கண்ணில் அவர் பட. கார்களின் பகல் விளக்கும் அதற்குத்தான். ஐ.நா. வாகன விதி 87 அதற்கு 400 முதல் 1,200 கேண்டலா (ஒரு திசையில் ஒளியின் செறிவு) வரை என்று வரம்பு வைத்திருக்கிறது. முகப்பு விளக்கு எரிந்ததும் அது அணைய வேண்டும். கடையில் வாங்கி ஒட்டும் பட்டைகளோ சாவி திருப்பியதும் எரியும்படி வயர் இழுக்கப்பட்டு, இரவிலும் முழு வெளிச்சத்தோடு நிற்கின்றன. பக்கத்தில் திரும்புவதற்கான மஞ்சள் சிக்னல் மின்னுவதே தெரியாது.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. பினாங்குப் பாலத்தில் ஒரு மாலை, மழை இருட்டு. என் பக்கக் கண்ணாடியில் ஒரு கார் ஜொலித்துக்கொண்டு வந்தது. அது என்னைக் கடந்ததும் பார்த்தால் பின்பக்கம் கும்மிருட்டு! பல கார்களில் முன்னால் பகல் விளக்கு மட்டும் எரிந்தால் பின்விளக்கு எரியாது. டாஷ்போர்டு எப்போதும் ஒளிர்வதால் ஓட்டுபவருக்கு அந்த நினைப்பே வருவதில்லை. இது மாற்றியமைத்த வண்டியில் மட்டும் அல்ல, கடையிலிருந்து நேரே வந்த வண்டியிலும் நடக்கிறது.

லாரிக்கும் டாக்சிக்கும் தவணை தவறாமல் பரிசோதனை உண்டு. சொந்தக் காருக்கோ பெயர் மாற்றும்போதுதான். பத்து வருடம் ஒருவரே வைத்திருந்தால் பத்து வருடமும் அந்த விளக்கை யாரும் அளக்கப் போவதில்லை. சாலைத் தடுப்பில் பல்பின் நிறத்தைப் பார்த்துச் சம்மன் எழுதுகிறார்கள். ஒளி எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை. டயர் மாற்ற வரும் காருக்கு விளக்கின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும் என்று சாலைப் போக்குவரத்து இலாகா பட்டறைகளைக் கட்டாயப்படுத்தலாம். ஐந்து நிமிட வேலை.

அதுவரை வீட்டிலேயே பார்க்கலாம். சமதரையில் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி டிம்மைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் நடு உயரத்துக்கு ஐந்து சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடதுபுறம் மட்டும் சற்று மேலேறும். வலதுபுறம் ஏறினால் அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கு. விளிம்பே இல்லாமல் சுவர் முழுக்க வெள்ளையாகப் பரவினால், கழற்றிவிடுங்கள்.

என்னிடம் செனான் மாட்டிக்கொண்டு இன்றும் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால், பழைய எச்4 பல்பையே திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள். பல்புக் காசை என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
பிறை, பினாங்கு.