சூரியன் மறைந்த பிறகு எத்தனை யூனிட்?

மின்திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

புதிய சோலார் நிலையம் திறக்கும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்கிறீர்கள். 100 மெகாவாட், 500 மெகாவாட், 1000 மெகாவாட். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் அடிக்கும்போது அந்த நிலையம் அதிகபட்சமாக எவ்வளவு தரும் என்பதுதான் அந்த எண். இரவு எட்டு மணிக்கு அதே நிலையம் என்ன தரும் என்ற வரி அறிவிப்பில் இருப்பதில்லை. விடை பூஜ்யம் என்பதால் எழுதவில்லை போலிருக்கிறது.

எனக்கு இது உறைத்தது என் வீட்டுக் கூரையில்தான். பேனல் போட்ட சில நாட்களில், நடுப்பகலில் கரண்ட் போனது. வெயில் கொளுத்துகிறது, கூரை முழுக்கப் பேனல், கீழே ஃபேன் நிற்கிறது. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் பழுது என்று நினைத்து, பொருத்தியவரைக் கூப்பிட்டேன். "பழுது இல்லை சார், அது அப்படித்தான் நிற்கணும்" என்றார். விற்கும்போது அவர் இதைச் சொல்லவில்லை. சரி, அது வேறு கதை. கிரிட்டோடு, அதாவது ஊருக்கெல்லாம் பொதுவான மின்கட்டமைப்போடு, இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், கிரிட்டில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிட வேண்டும். இல்லையென்றால், 'லைன் ஆஃப்' என்று நம்பிக் கம்பியைத் தொடும் ஊழியருக்கு என் கூரையிலிருந்து ஷாக் அடிக்கும். நியாயமான விதிதான். ஒரு பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்திருந்தால், வீடு கிரிட்டிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு தனியே ஓடியிருக்கும். பேட்டரி இல்லாததால், பட்டப்பகலிலும் என் பேனல் கிரிட்டின் தயவில் இருந்தது.

கூரையில் நான் பட்டதைத்தான் கிரிட் பெரிய அளவில் தினமும் மாலையில் படுகிறது. கிரிட்டுக்கு என்று சேமிப்புப் பை எதுவும் கிடையாது. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் குறைந்தாலும், மின்சாரம் நொடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்ற கணக்கு, அதாவது அலைவெண், நிலையாக நிற்காமல் நகர ஆரம்பித்துவிடும். சூரியனோ நம் தேவையைக் கேட்டு உதிப்பதில்லை. வெயில் உச்சத்தில் இருக்கும்போதே தேவையும் உச்சத்தில் இருக்கும் என்பதில்லை. எல்லாரும் வீடு திரும்பி விளக்கையும் அடுப்பையும் போடும் நேரத்தில் வெயில் இறங்கிவிடுகிறது.

கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பை இயக்குபவர்கள் 2013-லேயே இதை ஒரு வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். மொத்தத் தேவையிலிருந்து சூரியனும் காற்றும் தருவதைக் கழித்துவிட்டு மீதியைக் கோடாக வரைந்தால், பகலில் தொங்கும் வயிறு, மாலையில் விறைத்து நிமிரும் கழுத்து. அதற்கு 'வாத்து வளைவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயிறு தொங்கும் நேரத்தில் மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல், 'உற்பத்தியைக் குறையுங்கள்' என்று சோலார் நிலையங்களுக்கே சொல்ல வேண்டி வருகிறது. கழுத்து நிமிரும் நேரத்தில் எரிவாயு நிலையங்கள் மூச்சிரைக்க ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்குத் தயாராக இருக்க, அவற்றில் சிலவற்றைப் பகலிலேயே பாதி வேகத்தில் எரிய விட வேண்டும். பகலில் வெயிலைக் கொட்டிவிட்டு, கூடவே எரிவாயுவையும் எரிப்பது! எனக்கு இதைவிட எரிச்சலூட்டும் வீண்செலவு வேறு தெரியவில்லை.

அங்கே அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். பேட்டரிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2024-இல் அவற்றின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த ஏப்ரலில் ஒரு மாலை, சிறிது நேரத்துக்கு, அந்தக் கட்டமைப்பில் மற்ற எந்த மூலத்தையும்விட பேட்டரிகளே அதிக மின்சாரம் தந்தன. எரிவாயு ஒழிந்துவிடவில்லை. ஆனால் பகல் வெயில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

பேட்டரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017-இல் அமைந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரி தொடக்கத்தில் 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. முதல் எண் குழாயின் அகலம் என்றால் இரண்டாவது தொட்டியின் கொள்ளளவு. குழாயை முழுதாகத் திறந்துவிட்டால் ஒன்றேகால் மணி நேரத்தில் தொட்டி காலி. ஓர் இரவைத் தாங்கும் அளவு இல்லை. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் பக்கத்து மாநிலத்தில் ஒரு நிலக்கரி அலகு திடீரென்று நின்றபோது, நொடிக்கும் குறைவான நேரத்தில் இது மின்சாரத்தைச் செலுத்த ஆரம்பித்தது. கொடுத்த அளவு சிறியதுதான், வேகம்தான் பேசப்பட்டது. மேகம் கடக்கும்போது கிரிட்டின் ஆட்டத்தை அடக்க இந்த வேகம் வேண்டும். மாலையைக் கடக்கப் பெரிய தொட்டி வேண்டும். வெறும் மெகாவாட்டை மட்டும் சொன்னால் எதை வாங்கியிருக்கிறீர்கள் என்றே எங்களுக்குத் தெரியாது.

பேட்டரியில் நஷ்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. லித்தியம் பேட்டரியில் 100 யூனிட் போட்டால் 85, 90 யூனிட் அளவில் திரும்ப வரும். நிறுத்தி வைத்த பேனலிலிருந்து எத்தனை யூனிட் திரும்ப வரும்? விலை? லித்தியம் பேட்டரித் தொகுதிகளின் விலை 2010-இல் இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. தீ விபத்து பற்றிய பயத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் எரிந்தது, பழைய மின்நிலையக் கட்டடத்துக்குள் நெருக்கமாக அடுக்கிய பேட்டரிகள். சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. திறந்தவெளியில் இடைவெளி விட்டு வைக்கும் பெட்டிகளும், எளிதில் சூடேறிக் கட்டுமீறாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையும் அபாயத்தைக் குறைக்கின்றன. இடைவெளி எவ்வளவு என்பதைக் ஒப்பந்ததாரரின் விருப்பத்துக்கு விடாதீர்கள்.

பேட்டரியால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். நான்கு மணி நேர பேட்டரி மாலையைக் கடக்க உதவும். வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும் வானத்துக்கோ, வெயில் குறைந்த பருவத்துக்கோ அது போதாது. அதற்குக் காற்றாலை, தண்ணீரை மேலே ஏற்றி வைத்து இறக்கும் நீர்மின் நிலையம், தொலைதூர மின்தடங்கள் எல்லாம் வேண்டும்.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் இரண்டு காரியங்கள். நண்பகல் யூனிட்டுக்கும் இரவு யூனிட்டுக்கும் ஒரே விலை கொடுத்தால், எந்த முதலீட்டாளரும் பேட்டரி வைக்க மாட்டார். வைக்காததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. அப்புறம், சோலார் நிலையத்தின் வாசலிலேயே பேட்டரி இருந்தால், பகலில் மட்டும் நிரம்பி இரவெல்லாம் சும்மா கிடக்கும் மின்தடம் இரவிலும் வேலை செய்யும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம்.

அடுத்த அறிவிப்பில் மெகாவாட்டுக்குக் கீழே ஒரே ஒரு வரி சேருங்கள்: சூரியன் மறைந்த பிறகு இத்தனை மெகாவாட், இத்தனை மணி நேரம். அந்த இடத்தில் பூஜ்யம்தான் போட வேண்டியிருந்தால், அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
கூரையில் பேனல் வைத்திருக்கும் ஒருவர்