கண்மாயில் மண் எடுக்க மழைக்கு முன் அனுமதி கேட்டு மனு

அனுப்புநர்: வேளார் தெரு மண்பாண்டத் தொழிலாளர்கள்
பெறுநர்: உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்
பொருள்: பெரிய கண்மாயில் மண்பாண்டத்துக்குக் களிமண் எடுக்க அனுமதி – முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராதது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா, வணக்கம்.

எங்கள் தெரு தங்களுக்குத் தெரியும். கலுங்கைத் தாண்டி அய்யனார் கோயிலுக்குப் போகிற பாதையில், இடது பக்கம் சூளைச் சாம்பல் மேடாகக் கிடக்கிற இடம். போன கோடையில் கண்மாயைப் பார்வையிடத் தாங்கள் வந்தபோது ஜீப் நின்ற மடைக்கு நேர் உள்ளேதான் எங்கள் தாத்தா காலத்திலிருந்து மண் எடுக்கிற பள்ளம் இருக்கிறது. அங்கே மண் எடுக்க அனுமதி கேட்டுச் சித்திரையிலேயே தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தோம். பிறகு குறைதீர் நாளிலும் கொடுத்தோம். ரசீது இருக்கிறது, பதில்தான் இல்லை. இப்போது ஆடியும் பிறந்துவிட்டது. ஆகவே தங்களிடம் வருகிறோம்.

1. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1959ஆம் வருடத்துச் சிறுகனிமச் சலுகை விதிகளிலேயே மண்பாண்டத் தொழிலுக்கு ஏரி, கண்மாயில் இலவசமாக மண் எடுக்க வழி இருக்கிறது. 60 கன மீட்டர் வரை எடுக்கலாம் என்று அரசாணையும் உண்டு. 2024ல் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று அரசு இன்னும் சுலபமாக்கியது.

2. மண்ணைக் கோடையில்தான் எடுக்க முடியும். எடுத்துக் காயவைத்து, உடைத்து, ஊறவைத்து, மணல் கலந்து மிதித்த பிறகுதான் சக்கரத்துக்கு வரும். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பிவிட்டால் அப்புறம் அனுமதி கிடைத்து என்ன செய்வது?

3. இதுதான் அய்யா எங்களை உருக்குலைக்கிறது, தயவுசெய்து முழுவதும் படியுங்கள். கண்மாய் மண் கிடைக்காததால் பட்டா நிலத்து மண்ணை டிராக்டர் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். அந்த மண்ணில் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், இருக்கிறது. பெரிய கல்லைப் பொறுக்கிவிடலாம், கடுகு அளவில் இருப்பதை எந்தச் சல்லடையில் பிடிப்பது? மண்ணைக் கரைத்து வடிகட்டிப் பார்த்தோம், அப்படியும் தூளாக உள்ளே வந்துவிடுகிறது. சூளையில் வேகும்போது அந்தக் கல் சுண்ணாம்பாகிவிடும். சூளையைப் பிரிக்கும்போது பானை நன்றாக, தட்டினால் கணீரென்றுதான் இருக்கும். எண்ணி அடுக்கி வைத்துவிட்டு நிம்மதியாகப் படுப்போம். நாலைந்து நாளில் காற்றின் ஈரம் பட்டுச் சுண்ணாம்பு உப்பி, பானையின் மேல் காசு அகலத்துக்குப் பொரிந்து விழும். ராத்திரியில் அடுக்கிலிருந்து அந்தச் சத்தம் கேட்கும்போது வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. வாங்கிப்போனவர்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பொங்கல் பானை என்றால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் நாங்கள் மாரியம்மனுக்கு அக்னிச்சட்டியும் செய்கிறோம். விரதம் இருந்து, நெருப்போடு கையில் ஏந்தி வருகிறவர்கள் நம்பி வாங்குகிற சட்டி அது. அதை இந்த மண்ணில் செய்து கொடுக்க எங்களுக்குப் பயமாக இருக்கிறது, அதனால் இந்தப் பங்குனிக்கு வந்த சட்டி ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பரம்பரையாக எங்களிடமே வாங்கிய குடும்பங்களிடம் அப்படிச் சொன்னோம். கண்மாய் மண்ணில் சுக்கான் கிடையாது. வருடா வருடம் தண்ணீர் கொண்டுவந்து படியவைக்கிற மண், அதில் செய்த சட்டி விரலில் சுண்டினால் பேசும்.

4. காதி வாரியம் மின்சாரச் சக்கரம் கொடுத்தது, நன்றி. மழைக்காலத்தில் 5000 ரூபாய் நிவாரணம் வருகிறது, அதற்கும் நன்றி. 2023ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம், அவர்களும் எங்கள் தொழில்காரர்கள்தான். ஆனால் மண் இல்லாமல் சக்கரத்தில் எதை வைத்துச் சுற்றுவது? கேட்டால் "கனிமவளத்தில் கேளுங்கள்" என்கிறார்கள், அங்கே போனால் "தாலுகாவில் கேளுங்கள்" என்கிறார்கள், ஒருவராவது முடியாது என்று எழுதிக் கொடுத்தால் அதை வைத்தாவது மேலே போகலாம், அதுவும் கிடையாது. அனுமதி இல்லாமல் ஒரு வண்டி மண் எடுத்தால் டிராக்டரைப் பிடிக்கிறீர்கள். சரி, சட்டம். அப்படியானால் அனுமதி கேட்டு வந்தவனுக்குப் பதில் சொல்வதும் சட்டம்தானே அய்யா? ராத்திரியில் செங்கல் சூளைக்குப் போகிற லாரிகளின் தடம் அதே கரையில் கிடக்கிறது. தாங்களே வந்து பாருங்கள்.

5. அனுமதி கொடுங்கள், மழைக்கு முன் கொடுங்கள்.

6. எவ்வளவு ஆழம், எந்த இடம் என்று சர்வேயர் கொடி நட்டுக் காட்டட்டும். கரையிலும் மடையிலும் ஒரு மண்வெட்டி படாது. இயந்திரம் வேண்டாம் என்றால் கையால் வெட்டிக்கொள்கிறோம்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதியதில் பொய் இல்லை. ஆவணிக்குள் மண் வீட்டுக்கு வந்தால்தான் கார்த்திகை விளக்குக்கும் பொங்கல் பானைக்கும் ஆகும். பெரிய கண்மாயில் மண் எடுக்க உடனே உத்தரவு போடும்படி மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். முன்பு கொடுத்த மனுக்களின் ரசீது நகல், நல வாரிய அட்டை நகல் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
வேளார் தெரு மண்பாண்டத் தொழிலாளர்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கம்)