மலை பங்களாவுக்கு டெண்டர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கும் பழைய வன ஓய்வு விடுதிகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் கூரை ஓடுகளை மாற்றுவது யார், எந்த மாதத்தில், எந்தக் காசில் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. பழங்கட்டட மராமத்துத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறோம்.

மங்களூர் ஓடு போட்ட வீடு கூரையில்தான் சாகத் தொடங்கும். மந்தி குதித்து ஒரு ஓடு நகர்ந்தால் போதும். அந்த இடுக்கில் இறங்கும் மழைத்தண்ணீர் கூரையைத் தாங்கும் சரிவு மரமான கைமரத்தின் வழியே ஓடி, மரம் சுவர்மேல் உட்காரும் இடத்தில் தங்கும். கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோணூசியால் குத்தினால் அரை விரல் உள்ளே போகும். சதுர மீட்டருக்குப் பதினைந்து, பதினாறு ஓடு பிடிக்கும். பொள்ளாச்சியில் இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய ஓடு கிடைக்கிறது, விலையும் கட்டுபடியாகும். ஆனால் ஓட்டின் முதுகில் இருக்கும் கம்பெனி முத்திரையைப் பார்க்காமல் லோடு ஏற்றக்கூடாது. ஒரு கம்பெனி ஓட்டின் காடியில் (விளிம்புப் பள்ளத்தில்) இன்னொரு கம்பெனி ஓடு உட்காராது. நீளம் அரை அங்குலம் குறைந்தாலும் மேல்வரிசை கீழ்வரிசையைக் கவ்வாது, சாரலடித்தால் ஒழுகும். ஒரு சரிவுக்கு ஒரே முத்திரை என்று பிரித்துப் போட்டால் தப்பிக்கலாம். அப்போதும் ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் இடைவெளியை அந்த ஓடுகளை வைத்து அளந்துதான் ஆணி அடிக்க வேண்டும்.

அடுத்த வினை சிமெண்ட். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் வாங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். சுவருக்குள் புதைந்த நிலைச்சட்டமும் கூடவே உளுத்துப்போகும். எஸ்டிமேட்டில் சிமெண்டுக்கு ரேட் இருக்கிறது, காரைக்கு இல்லை என்பது ஒரு காரணமா? பூச வேண்டியது சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. சுண்ணாம்பை மலையடிவாரத்துச் சேத்துமடையிலேயே நீற்றிப் பதினைந்து நாளாவது ஊறவைத்துச் சலித்துக் குழம்பாக மேலே ஏற்றுவது நல்லது. நீறாத கல் கலந்தால் பூசியபின் சுவரில் கொப்புளம் கொப்புளமாக வெடிக்கும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பதென்றால் அதையும் அடிவாரத்திலேயே முடித்துவிடுங்கள். வெல்ல வாசனை யானையை வீட்டு வாசலுக்கே கூட்டிவரும்.

மரத்திலும் இதே கதைதான். பழைய தூண்கள் வைரம் பாய்ந்த தேக்கு, கரையான் லேசில் தொடாது. இன்று கடையில் வாங்கும் இளந்தேக்கில் வைரம் ஏறாத வெள்ளை மரம்தான் அதிகம், அதைக் கரையான் முதலில் தின்னும். தூணின் அடி உளுத்தால் முழுத் தூணையும் மாற்ற வேண்டியதில்லை. ஜாக்கி கொடுத்து உத்திரத்தைத் தாங்கி, கெட்டதை மட்டும் அறுத்து, பழைய வீட்டு மரத்தில் பாதிக்குப் பாதி வெட்டிச் சேர்த்துப் போல்ட் போடலாம். வெட்டிய தேக்கின் அடிக்கட்டையைத் துளிர்க்கவிட்டு இந்தத் தேக்குக் காட்டையே மீட்ட வெள்ளைக்கார வன அதிகாரி ஹியூகோ வுட், 1933இல் இறந்தபின் இந்தக் காட்டிலுள்ள டாப்சிலிப்பிலேயே அடக்கமானார். அவர் ஊரில் ஒரு தூணை மீட்க முடியாதா என்ன!

இனி ஆள். டெண்டர் எடுத்துப் பொள்ளாச்சியிலிருந்து போகும் காண்ட்ராக்டர் வேலை முடித்துப் பில் வாங்கியதும் இறங்கிவிடுவார். ஓடு நகர்வது ஜூன் மழையில். அப்போது பக்கத்தில் இருப்பவர்கள் எருமைப்பாறை, கூமாட்டி, கோழிகமுத்தி ஆகிய பழங்குடிக் குடியிருப்புகளின் மக்கள். கொத்தனாரும் ஆசாரியும் மூன்று மாதம் மேலே தங்கும்போது குடியிருப்புக்கு இரண்டு பேரைக் கூடவே கூலிக்கு வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். பெரிய வேலை ஜனவரியிலேயே தொடங்கட்டும். பிப்ரவரி தாண்டினால் காட்டுத்தீக் காலம், காவலர்களுக்கு வேறு எதற்கும் கை ஒழியாது. அதன்பிறகு மே கடைசியில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை கூரை ஏறிப் பார்த்துத் தாவாரத்துக் குப்பையை அள்ளினால், பத்தாண்டுக்கு ஒருமுறை கூரையையே பிரிக்கும் செலவு மிச்சம்.

காசுக்கும் வழி இருக்கிறது. ஆனைமலை ஒரு புலிகள் காப்பகம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38எக்ஸ் பிரிவுப்படி அமையும் புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளையின் நோக்கங்களில், உள்ளூர் மக்களோடு சேர்ந்த சூழல் சுற்றுலாவும் அதற்கான சொத்துகளைப் பராமரிப்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. அறை வாடகையில் ஒரு பங்கைச் உள்ளூர் மக்களைக் கொண்ட சூழல் மேம்பாட்டுக் குழுவின் கணக்கில் மராமத்துக்கென்றே போட்டு, ரேஞ்சரும் குழுத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம் என்று வைக்கலாம். ஒரு ஓடு மாற்றக் கோவைக்குக் கோப்பு அனுப்பிக் காத்திருக்கும் நிலை மாறும்.

இந்த மழைக்கு முன் ஒவ்வொரு பங்களாவிலும் அதே முத்திரை ஓடு ஐம்பதும் ஒரு ஏணியும் வாங்கி வைக்கட்டும். மூங்கில் ஏணியென்றால் வீட்டுக்குள் வைத்துப் பூட்டுங்கள். வெளியே சாத்தினால் யானை விட்டுவைக்காது.

இப்படிக்கு,
பழங்கட்டட மராமத்துத் தொழிலாளர்கள் சார்பில் ஒரு வாசகர்,
பொள்ளாச்சி